பாக்கெட் ஷாம்பு: ஒரு யோசனை தொழிலான வரலாறு

ஒருவருக்குப் புதிய யோசனை தோன்றுவது ஒரு நிகழ்ச்சி. அந்த யோசனை, நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்து, வாங்கிய கடனை அடைத்து, அடுத்த ஆண்டும் கடையைத் திறந்து வைத்திருக்கக்கூடிய தொழிலாக மாறுவது வேறொரு நிகழ்ச்சி. இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் கழியலாம். சில நேரங்களில் யோசனை தோன்றியவர் ஒருவராகவும் அதைத் தொழிலாக்கியவர் வேறொருவராகவும் இருப்பர்.

இந்த வேறுபாட்டை விளக்கத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் சிறு பாக்கெட் ஷாம்பு கடலூரில் ஒரு தந்தையின் மனத்தில் தோன்றி, அவருடைய பிள்ளைகளின் கையில் தொழிலானது. ஒரே யோசனை, ஒரே குடும்பம், இரண்டு தலைமுறை. தந்தையிடம் இல்லாத எது பிள்ளைகளிடம் இருந்தது என்று பார்த்தால், தொழில்முனைவு என்ற சொல்லின் பொருள் ஓரளவு விளங்கும்.

கடலூர் சின்னி கிருஷ்ணன்

சின்னி கிருஷ்ணன் விவசாயக் குடும்பத்தவர். கணக்கு ஆசிரியராகவும் பணியாற்றியவர். பிறகு மருந்துப் பொருள்களைப் பொதியிட்டு விற்கும் தொழிலில் இறங்கினார். அக்காலத்தில் முகப்பவுடர் தகர டப்பாவில்தான் கிடைத்தது. அவர் அதை 100 கிராம், 50 கிராம், 20 கிராம் பொட்டலங்களாக்கினார். பேதி உப்பு எனப்படும் எப்சம் உப்பு 100 கிராம் பாக்கெட்டாக விற்றபோது அதை 5, 10, 20 கிராம் அளவுகளாகப் பிரித்தார். தூளை அடைக்க முடிந்தால் திரவத்தையும் ஏன் அடைக்கக்கூடாது என்பது அவருடைய அடுத்த கேள்வி. அதிலிருந்துதான் சிறிய பிளாஸ்டிக் உறைக்குள் திரவத்தை அடைத்து ஓரங்களைச் சூட்டினால் ஒட்டும் முறைக்கு வந்தார்.

இந்த முயற்சிகளுக்குப் பின்னால் தெளிவான ஓர் எண்ணம் இருந்தது. வசதியுள்ளவர்கள் பயன்படுத்தும் பொருளைக் கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்கக்கூடியதாகச் செய்ய வேண்டும் என்று அவர் விரும்பினார். நாள் கூலி வாங்குபவரின் கையில் மாதச் சம்பளக்காரரிடம் உள்ளதுபோல் மொத்தப் பணம் சேராது. அன்றன்று வருவது அன்றன்று செலவாகும். அவருக்குப் பொருளின் மொத்த விலை பெரிதல்ல. ஒரு தடவைக்குக் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதே பெரிது. எண்ணெயை வீட்டிலிருந்து கொண்டுபோன சிறு புட்டியில் வாங்குவதும், டீத்தூளைப் பொட்டலமாக வாங்குவதும் தமிழ்நாட்டில் முன்பே இருந்த வழக்கம்தான். கடைக்காரர் கையால் மடித்த பொட்டலத்தின் இடத்தில் தொழிற்சாலையில் அடைத்த, பெயர் அச்சிட்ட பொட்டலத்தை வைத்ததுதான் சின்னி கிருஷ்ணன் செய்த மாற்றம்.

ஆனால் அவர் வாழ்நாளில் இது பெரிய தொழிலாகவில்லை. வருங்காலம் இந்தச் சிறு உறைக்குத்தான் என்று அவர் நம்பினார். ஆயினும் ஒரு கண்டுபிடிப்பிலிருந்து அடுத்த கண்டுபிடிப்புக்குப் போய்க்கொண்டே இருந்தார். செய்ததை ஊர் ஊராகக் கொண்டு சேர்ப்பதில் அவர் மனம் செல்லவில்லை. தந்தை சிறந்த புத்தாக்கக்காரர், ஆனால் நல்ல விற்பனையாளர் அல்லர் என்று அவருடைய மகன் சி.கே. ரங்கநாதனே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மரியாதைக் குறைவாக அல்ல, அளந்து சொன்ன மதிப்பீடு அது. மகன் கல்லூரிப் படிப்பைத் தொடங்கும் காலத்தில் தந்தை காலமாகிவிட்டார்.

வெல்வெட்டும் பிரிவும்

பிள்ளைகள் தந்தையின் யோசனையை எடுத்துக்கொண்டனர். ரங்கநாதனின் அண்ணன்மார் 1980-களின் தொடக்கத்தில் வெல்வெட் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பாட்டில் ஷாம்புவைக் கண்ணால் மட்டுமே பார்த்திருந்த வீடுகளுக்குள் முதலில் நுழைந்தது இதுதான். அதற்குரிய பெருமை வெல்வெட்டையே சேரும். ‘சிக்’ ஷாம்புதான் முதல் பாக்கெட் ஷாம்பு என்று சில இடங்களில் எழுதப்படுவது சரியன்று.

ரங்கநாதன் குடும்பத்தில் சற்று வேறுபட்டவர். உடன்பிறந்தவர்கள் படிப்பில் சிறந்து மருத்துவர், வழக்கறிஞர் என்று உயர்ந்தனர். இவருக்குப் படிப்பில் நாட்டம் குறைவு. விவசாயம் அல்லது வியாபாரம் பார் என்று வீட்டில் சொல்லும் அளவுக்கு நிலைமை இருந்தது. பள்ளி நாளிலேயே நூற்றுக்கணக்கான புறாக்களையும் மீன்களையும் பறவைகளையும் வளர்த்து விற்றுக் காசு சேர்த்தார். பிறகு வேதியியலில் பட்டம் பெற்றார். வகுப்பறை மதிப்பெண் ஒன்றை வைத்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானித்துவிடும் பெற்றோர் இந்தப் புறாக் கூட்டை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

படிப்பு முடிந்து குடும்பத் தொழிலில் சேர்ந்த ரங்கநாதன் ஓராண்டுகூட அங்கே நீடிக்கவில்லை. தொழிலை நடத்தும் முறையில் அண்ணன்மாருடன் கருத்து ஒத்துப்போகவில்லை. சொத்திலோ தொழிலிலோ பங்கு கேட்காமல், தாம் சேமித்திருந்த 15,000 ரூபாயுடன் வெளியேறினார். அவர் பார்த்த பொறுப்பு உற்பத்தி. விற்பனையும் கணக்கும் அவருக்கு அப்போது தெரியாது. அண்ணன்மார் செய்யும் தொழிலையே செய்வதா என்ற தயக்கத்தில் கோழிப்பண்ணை முதலிய வேறு தொழில்களையும் எண்ணிப் பார்த்தார். கடைசியில் தமக்குத் தெரிந்தது ஷாம்பு தயாரிப்பு ஒன்றுதான் என்று அதற்கே திரும்பினார்.

15,000 ரூபாய் எங்கே போனது?

1983-இல் புதுச்சேரிப் பகுதியில் ‘சிக் இந்தியா’ தொடங்கியது. சின்னி என்பதிலிருந்து ‘சி’, கிருஷ்ணன் என்பதிலிருந்து ‘க்’ என்று தந்தையின் பெயரைச் சுருக்கி வைத்த பெயர்தான் சிக். செலவுக் கணக்கு எளிமையானது. வீடும் அலுவலகமும் சேர்ந்த இடத்துக்கு மாத வாடகை 250 ரூபாய், முன்பணம் 1,000. தொழிற்கூடத்துக்கு வாடகை 300, முன்பணம் 1,200. ஷாம்புவை உறையில் அடைக்கும் இயந்திரம் 3,000 ரூபாய். இவற்றோடு முதல் மாத வாடகையையும் கூட்டினால் 5,750 ரூபாய். மீதி 9,250. மூலப்பொருள், உறைக்கான அச்சிட்ட தாள், கூலி, போக்குவரத்து எல்லாவற்றையும் இதற்குள் பார்க்க வேண்டும்.

மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது, முதலில் பாதிக்கு மேற்பட்ட பணம் இயந்திரத்திலோ கட்டடத்திலோ முடங்காமல் கையில் நின்றது. இதைத்தான் வணிகவியல் பாடத்தில் நடைமுறை மூலதனம் என்பர். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களில் பலர் அழகான கடை முகப்புக்கும் புதிய இயந்திரத்துக்கும் இருப்பதையெல்லாம் போட்டுவிட்டு, சரக்கு வாங்கப் பணமில்லாமல் மூன்றாம் மாதமே தடுமாறுவதைப் பார்க்கலாம்.

நான்கு பேருடன் வேலை தொடங்கியது. முதல் மாதம் 20,000 பாக்கெட்டுகள் விற்றன. இரண்டாம் மாதத்திலிருந்து சிறிய இலாபம். எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினாலும், காசுக் கணக்கில் விற்கும் பொருள் அது. ஒரு பாக்கெட்டில் தயாரிப்பாளருக்கு நிற்பது சில காசுகளே. அந்தச் சில்லறையிலேயே கடைக்காரருக்கும் விநியோகஸ்தருக்கும் பங்கு போக வேண்டும். உறையின் விலையும் இதில் ஒரு தொல்லை. ஒரு பெரிய பாட்டிலின் விலை அதிலுள்ள முழு ஷாம்புவின் மேலும் பரவிவிடும். சிறு உறையின் விலையோ சில மில்லிலிட்டர் ஷாம்புவின் தலையில் விழும். எனவே பாக்கெட் ஷாம்புத் தொழில் என்பது ஆயிரங்களில் நடத்தினால் நட்டம், இலட்சங்களில் நடத்தினால் பிழைப்பு, கோடிகளில் நடத்தினால்தான் செல்வம். அந்த எண்ணிக்கைக்கு எப்படிப் போவது என்பதே உண்மையான கேள்வி. சின்னி கிருஷ்ணன் நின்ற இடமும் இதுதான்.

ஷாம்பு அறியாத ஊருக்கு ஷாம்பு விற்றல்

1980-களின் தமிழகக் கிராமத்தில் தலைக்குக் குளிப்பது என்றால் சீயக்காய், அரப்பு. அவசரத்துக்குக் குளியல் சோப்பு. எண்ணெய் வைத்த தலையில் சீயக்காயைத் தேய்த்து அலசப் போதிய நேரமும் நிறையத் தண்ணீரும் வேண்டும். ஷாம்பு அதைச் சுருக்கும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒட்டிய உறைக்குள் இருக்கும் பிசுபிசுப்பான திரவம் எதற்கு என்றே புரியாது. முடி கொட்டும், நரைக்கும் என்ற அச்சமும் உண்டு. ஆகையால் விலையைக் குறைத்தால் மட்டும் போதாது. பயன்படுத்தக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ரங்கநாதனின் ஆட்கள் ஊர்களுக்குப் போய்ச் செய்தது ஒருவகையில் செய்முறை வகுப்புதான். கூட்டத்திலிருந்து ஒரு சிறுவனை அழைத்து, எல்லார் முன்னிலையிலும் அவன் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுவார்கள். முடி உலர்ந்ததும் கூடியிருப்பவர்களைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொல்வார்கள். வானொலியிலும் பத்திரிகையிலும் எத்தனை முறை விளம்பரம் செய்தாலும், தெரிந்த பையனின் தலையை ஊர்க்காரரே தொட்டுப் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

அடுத்து ரஜினிகாந்த் படங்களைக் கிராமங்களில் திரையிடும் ஏற்பாடு. படத்தின் நடுவே சிக் விளம்பரம், அதைத் தொடர்ந்து தலை குளிப்பாட்டும் செய்முறை, படம் முடிந்து போகும்போது ஆளுக்கொரு பாக்கெட் இலவசம். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் இத்தகைய காட்சி நடந்த ஊர்களில் விற்பனை மூன்று, நான்கு மடங்கு உயர்ந்தது. வேறு ஷாம்பு வாங்குபவரைத் தம் பக்கம் இழுப்பதைவிட, ஷாம்புவே வாங்காதவரை வாங்கவைப்பது கடினமான வேலை. ஆனால் அந்தப் பக்கம்தான் ஆட்கள் அதிகம் இருந்தனர். போட்டியும் அங்கே இல்லை.

ஐந்து காலி உறைக்கு ஒரு பாக்கெட்

இந்த வரலாற்றில் மிகவும் நுட்பமான பகுதி, காலி உறைத் திட்டம். எந்த நிறுவனத்தின் ஷாம்புவாயினும் சரி, அதன் ஐந்து காலி உறைகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் போட்டியாளரின் பொருளை வாங்கியவருக்கு ஏன் பரிசு தரவேண்டும் என்று தோன்றும்.

காரணம் உண்டு. வேறு ஷாம்புவின் ஐந்து காலி உறைகளை வைத்திருப்பவர் யார்? ஷாம்பு வாங்கிப் பழகிய ஒருவர். இலவசப் பாக்கெட்டை ஊருக்கெல்லாம் வாரி இறைத்தால் பாதி வீணாகும். ஐந்து உறை கொண்டுவருபவருக்கு மட்டும் கொடுத்தால், வாங்கும் பழக்கமுள்ளவரின் தலையில்தான் அது போய்ச் சேரும். சந்தை ஆய்வு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துக் கண்டுபிடிக்க வேண்டிய வாடிக்கையாளர்கள் தாங்களாகவே உறையுடன் கடைக்கு வந்தனர். கடைக்காரரும், உறை கொண்டுவருபவருக்குக் கொடுப்பதற்காகவாவது சிக்கை இருப்பு வைக்க வேண்டியதாயிற்று. புதிய சரக்கை வாங்கி வைக்கத் தயங்கும் சிறு கடைகளுக்குள் நுழைய இதைவிட நல்ல வழி கிடைத்திருக்காது.

போதிய பேர் சிக்கைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு திட்டம் மாற்றப்பட்டது. இனி சிக் உறை ஐந்து கொடுத்தால்தான் சிக் பாக்கெட் இலவசம். இப்போது வீட்டிலுள்ளவர்கள் கடையில் ஷாம்பு என்று கேட்காமல் சிக் என்று பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கினர். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 இலட்சமாக ஏறியது. அதாவது 34 மடங்கு.

கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம் என்றால், ஐந்தின் விலையில் ஆறு. தள்ளுபடி ஆறில் ஒரு பங்கு என்று தோன்றும். ஆனால் இலவசமாகக் கிடைத்த பாக்கெட்டின் காலி உறையும் கணக்கில் சேரும் என்று வைத்துக்கொண்டால் அதுவும் அடுத்த இலவசத்துக்கு உதவும். ஐந்தில் ஒன்று, அதில் ஐந்தில் ஒன்று என்று போகும் பெருக்குத் தொடரைக் கூட்டினால் நான்கில் ஒரு பங்கு வரும். 100 பாக்கெட் வாங்குபவருக்கு மொத்தம் ஏறக்குறைய 125 பாக்கெட் பயன்படும். உண்மையான தள்ளுபடி 20 விழுக்காடு. இவ்வளவையும் நேரடியாக விலையில் குறைத்திருந்தால் போட்டியாளரும் மறுநாளே குறைத்திருப்பார். உறை சேர்க்கும் முறையிலோ, நான்கு உறை சேர்த்துவிட்ட பெண் ஐந்தாவதாக வேறு ஷாம்பு வாங்கமாட்டார். நிறுவனத்துக்கும் இலவசப் பாக்கெட்டின் செலவு அடக்க விலைதான், விற்பனை விலை அல்ல.

பிறகு மல்லிகை, ரோஜா மணங்களில் சிக் வந்தது. தமிழ்ப் பெண்ணின் தலைக்கும் மல்லிகைக்கும் உள்ள உறவைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாத விற்பனை 30 இலட்சமாயிற்று. நடிகை அமலா விளம்பரத்தில் தோன்றிய பிறகு மாதம் ஒரு கோடி. 1992-இல் தென்னிந்தியாவில் முதலிடம். தொடங்கியதிலிருந்து ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஒரே இரவில் வெற்றி என்று பேச்சாளர்கள் மேடையில் சொல்லும் கதைகளுக்குள் பெரும்பாலும் இப்படி ஒன்பது ஆண்டுகள் மறைந்திருக்கும்.

வங்கி

முதல் மூன்று ஆண்டுகள் எந்த வங்கியும் கடன் கொடுக்கவில்லை. அடமானம் கேட்டனர், வைக்க எதுவும் இல்லை. சொத்தில் பங்கு வேண்டாம் என்று வெளியேறியதன் விலை இங்கே தெரிந்தது. கடைசியில் ஒரு வங்கி 25,000 ரூபாய் கொடுத்தது. அடமானம் இல்லையெனினும் மற்றச் சிறு தொழிற்கூடங்களைப் போலன்றி இந்த நிறுவனம் வருமான வரி கட்டுகிறது என்று மேலாளர் தம் குறிப்பில் எழுதியதே கடன் கிடைக்கக் காரணமானது என்று ரங்கநாதன் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த 25,000 பின்னர் 4 இலட்சமாகவும் 15 இலட்சமாகவும் வளர்ந்தது.

வரி கட்டுவதை இழப்பாகவே கருதும் சிறு வணிகர்கள் உண்டு. ஆனால் வரிக் கணக்கு என்பது வங்கி நம்பக்கூடிய எழுத்துச் சான்று. இலாபத்தை மறைத்தவருக்குக் கடன் கேட்கும் நாளில் காட்டுவதற்கு இலாபமே இருக்காது.

வளர்ச்சியும் 50 காசும்

1989-இல் அலுவலகம் சென்னைக்கு வந்தது. உற்பத்தி பழைய இடத்திலேயே தொடர்ந்தது. 1990-இல் நிறுவனத்தின் பெயர் பியூட்டி காஸ்மெடிக்ஸ் ஆயிற்று. 1998-இல் கவின்கேர் என மாறியது. கவின் என்றால் அழகு; ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் சி, கே என்ற பெரிய எழுத்துகள் தந்தையின் பெயரின் முதலெழுத்துகள். சுவையான ஒரு செய்தி: ஷாம்புவால் வளர்ந்த இந்த நிறுவனமே மீரா என்ற பெயரில் சீயக்காய்த் தூளையும் விற்றது. பழைய பழக்கத்தை விட விரும்பாதவரும் வாடிக்கையாளர்தானே. வாசனைத் திரவியம், ஊறுகாய் எனப் பிற பொருள்களும் சிறு அளவுகளில் வந்தன.

1999-இல் சிக் 50 காசுக்கு வந்தது. பெரிய நிறுவனங்களின் பாக்கெட்டுகள் அதைவிடப் பல மடங்கு விலையில் விற்ற காலம் அது. இத்தகைய விலையைச் செலவைக் கூட்டி, அதன் மேல் இலாபம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முதலில் வாங்குபவர் கையில் இருக்கும் ஒரு நாணயத்தைத் தீர்மானித்துவிட்டு, அதற்குள் அளவு, உறை, போக்குவரத்து, கடைக்காரர் பங்கு எல்லாவற்றையும் அடக்க வேண்டும். 50 காசு என்பதில் இன்னொரு வசதி, கடைக்காரர் மீதிச் சில்லறை தேட வேண்டாம். பன்னாட்டு நிறுவனங்களும் காலப்போக்கில் இந்த விலைக்கு இறங்கி வந்தன. இன்றும் இந்தியாவில் பல ஷாம்புகளைப் பாட்டிலில் வாங்குவதைவிடப் பாக்கெட்டில் வாங்கினால் மில்லிலிட்டருக்கு விலை குறைவு. மாணவர்கள் மளிகைக் கடையில் இரண்டின் உறையையும் பார்த்து வகுத்துச் சரிபார்க்கலாம். மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற பொது விதி இங்கே தலைகீழாக இருக்கும்.

இரண்டு பேராசிரியர்களின் வழக்கு

பாக்கெட் ஷாம்பு பின்னர் உலக அளவில் மேலாண்மைப் பாடமாயிற்று. கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சி.கே. பிரகலாத், ஏழைகளையும் மதிப்புள்ள வாடிக்கையாளர்களாகக் கருதி அவர்களுக்கேற்ற பொருளைச் செய்தால் நிறுவனங்களுக்கும் இலாபம், ஏழைகளுக்கும் நன்மை என்று 2004-இல் வெளியான நூலில் வாதிட்டார். சிறு பாக்கெட் அந்த வாதத்தின் முக்கியமான சான்றுகளில் ஒன்று.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அனில் கர்னானி இதை மறுத்தார். சிறு பாக்கெட் வாங்குவதை வசதியாக்குகிறதே தவிர ஏழையின் வருமானத்தை ஒரு காசும் கூட்டுவதில்லை. ஏழையை நுகர்வோராகப் பார்ப்பதைவிட உற்பத்தி செய்பவராகப் பார்த்து வேலை கொடுப்பதே வறுமையைக் குறைக்கும் என்றார். கர்னானியின் மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஷாம்பு வாங்கியதால் எந்தக் குடும்பமும் வறுமையிலிருந்து மீளவில்லை. ஆயினும், கூலி வேலைக்குப் போகும் பெண் தன் மகளின் தலையை வாரத்துக்கு ஒருமுறை நுரை வர அலசி, மணமாக அனுப்புவது கணக்கில் வராத சிறு காரியம் என்று தள்ளிவிடவும் முடியாது. சின்னி கிருஷ்ணன் விரும்பியது அவ்வளவே. வறுமையை ஒழிப்பதாக அவர் சொல்லவில்லை.

காலி உறைகள்

சிறு உறை ஷாம்புவோடு நிற்கவில்லை. காபித் தூள், தேங்காய் எண்ணெய், சலவைத் தூள், ஊறுகாய், மசாலா என்று மளிகைக் கடையில் பாதி அதற்குள் போயிற்று. இந்த உறை ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆனதன்று. பெரும்பாலும் வெவ்வேறு படலங்களை, சில நேரம் அலுமினியப் படலத்தையும், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தது. ஈரமும் காற்றும் புகாமலிருக்க அப்படிச் செய்கின்றனர். அதே காரணத்தால் படலங்களைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். பழைய பாட்டிலை எடைக்கு எடை காசு கொடுத்து வாங்கும் பழைய இரும்புக் கடைக்காரர் இந்த உறையைத் தொடுவதில்லை. ஒரு கிலோ சேர ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறைகளைப் பொறுக்க வேண்டும். பொறுக்கினாலும் விலை இல்லை. ஆற்றுப் படித்துறையிலும் குளக்கரையிலும் கிழிந்து கிடக்கும் உறைகள் இதனால்தான் அங்கேயே கிடக்கின்றன.

2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், தாம் சந்தைக்கு அனுப்பும் உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் சுமத்துகின்றன. அதை எப்படிச் செய்வது என்பதற்குப் பலவகை ஏற்பாடுகள் பேசப்படுகின்றன. 1980-களில் தமிழகக் கிராமத்துப் பெண்கள் அந்தக் காலி உறைகளைக் குளியலறை மாடத்தில் பத்திரமாகச் சேர்த்து, ஐந்து ஐந்தாக எண்ணிக் கடையில் திருப்பிக் கொடுத்தனர். விற்பனையைப் பெருக்க நடத்திய திட்டம் அது. இன்று அதே கடையில் ஐந்து உறையை நீட்டினால் வாங்கிக்கொள்ள ஆளில்லை.